பழைய கம்ப்யூட்டரும் இவர் பேச்சும்

நவம்பர் 10, திங்கள்

காலையிலேர்ந்து தூறல். துணி காயல. ரேஷன் கடைக்குப் போவணும், போவல.

கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துடுச்சு. ஆன் பண்ணா கறுப்புத் திரை, வெள்ளையா இங்கிலீஷ் எழுத்து. மெட்ராஸ்ல இருக்கிற பாப்பாவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு எழுத்தா படிச்சுக் காட்டுனேன்.

"அதுக்குத் தேதி மறந்துபோச்சும்மா. கீபோர்டுல மேல எஃப் ஒன்னுன்னு இருக்கும், அமுக்கு."

அமுக்குனேன், வந்துச்சு. தேதியைப் பார்த்தா பாப்பா பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி வருஷம். உள்ள இருக்கிற பேட்டரி செத்திருக்குமாம்.

அப்புறம் இவருக்குப் பயிற்சி. விழுப்புரம் ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மேடம் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தது. படம் வரும், பேர் சொல்லும், இவர் திருப்பிச் சொல்லணும். போன்ல போட்டா படம் சின்னதா இருக்குன்னு எரிச்சல். பக்கவாதம் வந்தப்புறம் கை கால் தேறிடுச்சு. பேச்சு மட்டும் இல்ல.

மாடு. "ம்ம்." தண்ணி. "ம்ம்."

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். மல்லாட்டை அவிச்சு உரிச்சேன், இவர் கடலையை நல்லா சாப்பிட்டார்.

வாட்ச் கடையில பேட்டரி வாங்கினேன், ஒரு ரூபா காசு மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தா ஒட்டடை, பல்லி முட்டை ஓடு. பெயின்ட் பிரஷ்ல தட்டி சுத்தம் பண்ணி, பேட்டரியை மாத்தி, ஆன் பண்ணேன்.

பீப் பீப் பீப்னு கத்துது. திரையில ஒண்ணுமே இல்ல. நேத்தாவது எழுத்து வந்துச்சு. நானே கெடுத்துட்டேனா?

இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கினார்.

நவம்பர் 12, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை. போன்ல போட்டோ காட்டுனேன்.

"ரொம்பப் பழசுங்க. பார்ட்ஸே வராது. பேஜாரு அது, புதுசா வாங்கிடுங்க."

இப்ப புதுசுக்கு எங்க போறது. வெள்ளிக்கிழமை மேடத்தை வேற பார்க்கணும். ஒரு நாளும் பயிற்சியை விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு நாளா விட்டாச்சு.

ஒரு பிளவுஸ் தைச்சேன். கை சரியா வைக்கல. பிரிக்கணும்.

நவம்பர் 13, வியாழன்

இதை எழுதிடணும்.

பாப்பா வீடியோ கால்ல வந்தா. "நீளமா ஒரு பச்சைப் பட்டை நிக்குது பாரு, அதான் மெமரி. நீ தட்டும்போது அசைஞ்சிருக்கும். கழட்டி, அடியில மஞ்சளா மின்னுற இடத்தை ரப்பர் வச்சுத் தேய்." பெட்டிக்கடையில பென்சில் ரப்பர் வாங்கி வச்சிருந்தேன்.

இவர் வந்து பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வயர்மேனா இருந்தவர், பார்த்துக்கினே இருந்தார். நான் மூடியை எடுத்துட்டு உள்ள கையை விட்டேன். இவர் மேசையைத் தட்டினார்.

"ம்ம். ம்ம்."

"என்னங்க?"

சுவரைக் காட்டினார். எனக்குப் புரியல, மறுபடி கையை விட்டேன். மணிக்கட்டைப் புடிச்சு இழுத்தார். முகமெல்லாம் செவந்துபோச்சு.

"பி... பிளக்கு. பிளக்கு."

பிளக்கைப் பிடுங்காமலே கையை விட்டிருக்கேன்.

போன்ல பாப்பா, "அம்மா, யாரு பேசினது?"

"உங்கப்பாடி."

அவ அழுதா. நான் பிளக்கைப் பிடுங்கிட்டு அங்கியே தரையில உட்கார்ந்துட்டேன். இவர் பட்டையைக் காட்டி, வேலையைப் பாருன்ற மாதிரி கையை ஆட்டினார். தேய்ச்சு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுனேன். பிளக்கைச் சொருகி ஆன் பண்ணா ஒரே ஒரு பீப்தான். படம் வந்துடுச்சு. தேதியும் சரியா நிக்குது.

பயிற்சி போட்டேன். மாடு. "ம்ம்." பரவாயில்ல.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். பஸ்ல விழுப்புரம்.

இவர் பிளக்குன்னு சொன்னதை மேடத்துகிட்ட சொன்னேன். சொல்லச் சொன்னாங்க, இவருக்கு வரல. "அவசரப்படுத்தாதீங்க. ஒரு தடவை வந்துருச்சுல்ல, வழி அடைக்கலன்னு அர்த்தம்" என்றாங்க. மாடு, தண்ணியை விட்டுட்டு வயரு, சுவிட்சு, ஹோல்டருன்னு புதுசா படம் போட்டுக் குடுத்திருக்காங்க. இவர் அதைப் பார்த்துச் சிரிச்சார்.

திரும்பும்போது கூட்டம். கண்டக்டர் வந்து "எங்க?" என்றார். நான் வாயைத் திறந்தேன், இவர் என் கையை அமுக்கினார்.

"திண்டி..."

எங்க ஊர் பேர்ல மீதி வரல. கண்டக்டர் ரெண்டு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டார்.