ஆக்னஸ் கதவைத் திறக்கக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்
நான்கு பாகத் தொலைக்காட்சித் தொடர் மூன்றாகச் சுருங்கிவிட்டது. தயாரிப்பாளர் ஃபெர்கஸ் தொலைபேசியில் அதோடு விடவில்லை. "முடிவையும் மாத்திடு டிலிஸ். ஏழு வருஷம் கழிச்சு புருஷன் வந்து நிக்கிறான், அவ கதவத் திறக்கட்டும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பாக்குறவங்க நிம்மதியா தூங்கப் போக வேணாமா?"

நாவலில் ஆக்னஸ் திறக்கவில்லை. அடித்துத் துரத்தியவனுக்கு எதற்குத் திறப்பாள்? இதைத் திரைக்கதையாக்க நான் ஒத்துக்கொண்டதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான். முடியாது என்றேன்.

மார்ச் 5
என் அக்கா நெஸ்டா திறந்தாள். இரண்டு தடவை. அவள் புருஷன் பூங்கொத்தோடு வந்து நின்றான், திறந்துவிட்டாள். இன்னும் அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டில்தான் இருக்கிறாள் — நான் எப்படி மாற்றி எழுதுவேன்?

ஏப்ரல் 14, விட்பி
இரண்டு முடிவையும் எடுத்து வைப்பது என்று சமரசம். மீனவர் குடிசை இந்த வாரம்தான் கிடைக்கும் என்பதால் கடைசிக் காட்சியைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்தார்கள். இந்தத் தொழிலில் இது சகஜம். பல பாத்திரங்களுக்குச் செத்த பிறகுதான் கல்யாணமே நடக்கும்.

திறக்கிற முடிவு காலையிலேயே முடிந்தது. பிறகு மழை. திறக்காத முடிவுக்கு, புருஷன் வெளியே நின்று தட்டுவது மட்டும்தான் கிடைத்தது. உள்ளே ஆக்னஸின் முகம் இல்லை. முகம் இல்லாமல் என்ன முடிவு?

"மழைக்கு நான் என்ன பண்ண?" என்றான் ஃபெர்கஸ். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம்.

ஏப்ரல் 15
விடமாட்டேன்.

மே 22, லீட்ஸ்
குடிசையின் உள்பக்கத்தை இங்கே ஒரு கிடங்குக்குள் பலகையில் கட்டியிருக்கிறார்கள். கதவும் இருக்கிறது. ஆக்னஸாக நடிக்கும் டாம்சினிடம் பேசினேன்.

"முதல் நாள் எனக்கு அவ யாருன்னே தெரியாது, சிரிச்சுக்கிட்டே திறந்துட்டேன். இப்ப கேளு, தாழ்ப்பாள் போட்டு மேசையையும் தள்ளி வெப்பேன்."

ஃபெர்கஸ் நேரமில்லை என்றான். நாளை மாலை குடிசையைப் பிரிக்கிறார்களாம். வேண்டுமானால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சிரித்தான். நாளை வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுக்கு வறுத்த மீனும் சிப்ஸும் போடுகிற நாள்.

மே 23
நம் படப்பிடிப்பு ஆட்கள் கொட்டும் மழையில் நிற்கச் சொன்னால் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை மீனில் கைவைத்தால் கலகம்தான். ஒரு பெட்டிமேல் ஏறிக் கேட்டேன்.

விளக்குக்காரர்களின் தலைவர் டெஸ்மண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மீனு ஆறிப்போகுமேம்மா."

"போகும்."

"அவ திறக்க மாட்டால்ல?"

"மாட்டா."

"அப்பச் சரி. திறக்கிறதா இருந்தா நான் சாப்பிடப் போயிடுவேன்." கையைத் தூக்கினார். பின்னாலேயே மற்ற கைகளும் எழுந்தன. சில கைகள் ரொம்ப மெதுவாக.

டாம்சின் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம். கத்தி நின்றது. கதவைப் பார்த்தாள். முகத்தில் பயம் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போனது. அடுத்த கிழங்கை எடுத்தாள். ஒரே தடவைதான் எடுத்தோம்.

ஆறிய மீன் கேவலமாக இருந்தது. எல்லோரும் தின்றோம்.

ஜூலை 30
ஃபெர்கஸ் கூப்பிட்டான். "சேனல்காரங்க ரெண்டையும் பாத்தாங்க, உன் முடிவுதான் டிவில போகுது. ரொம்பப் பெருமை அடிச்சுக்காத."

அக்டோபர் 20, திங்கள்
நேற்று கடைசிப் பாகம் வந்தது. இன்று காலை நெஸ்டா அழைத்தாள்.

"பாத்தியா அக்கா?"

"பாத்தேன். அவ புருஷன் வந்து தட்டுறப்ப எங்க வீட்டுக்காரரு டிவிய அணைச்சுட்டாரு. அவ திறந்தாளாடி?"

"இல்லக்கா."

"அப்புறம்?"

"கிழங்கு உரிச்சா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்டோபர் 23
நேற்று ராத்திரி ஒரு பையோடு வந்த நெஸ்டா என் வீட்டு மாடி அறையில் தூங்குகிறாள். மத்தியானம் ஆகிவிட்டது. எழுப்பவில்லை.