ராத்தாவின் பெயரில் வந்த நிவாரணம்

நவம்பர் 9, திங்கள்

காலையில் தூறல். வயல் பச்சை பிடித்துவிட்டது. களை எடுக்க ஆள் தேட வேண்டும். வீட்டில் தேயிலைத் தூள் முடிந்தது.

விவசாயிகளுக்கான கமநல கந்தோரில் மனுவைக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர் பெரியமடுவில் கொரோனா நிவாரணம் எந்தெந்தக் கமக்காரருக்குக் கிடைத்தது, ஊர் அறியச் சொல்லுங்கள் என்று. உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. "கேக்கிறது உங்கட உரிமைதான் அக்கா. ஆனா ஊருக்குள்ள கதை வரும்." கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

ஊரடங்கில் லொறி வராமல் எங்கள் கத்தரிக்காய் முழுவதும் செடியிலேயே அழுகியது. நிவாரணம் வந்ததே பிறகுதான் காதில் விழுந்தது. எங்களுக்கு இல்லை. யாருக்கு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இரவு இவர் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு, "உனக்கேன் இந்த வேலை?"

நவம்பர் 12, வியாழன்

வெயில்.

கமக்காரர் அமைப்புத் தலைவர் ஹமீது நானா வேலியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. "தங்கச்சி, பேரெல்லாம் வெளியால வந்தா புத்தளத்தில இருக்கிறவங்கட கதையும் வரும். இருக்கிறது அங்க, நிவாரணம் இங்கயா எண்டு கேப்பாங்க. பிறகு காணி எதுக்கு எண்டும் கேப்பாங்க. யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது இடம்பெயர்ந்து புத்தளம் போன எங்கள் ஆட்களில் பலர் திரும்பி வரவில்லை. நான் வந்தேன். கூடப் பிறந்த மூத்தவர், ராத்தா, அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் செய்கிற வயலே ராத்தாவுடையதுதான். வாப்பா அவர் பெயருக்கு எழுதியது.

பக்கத்து வீட்டு ஆயிஷா இன்று கதைக்க வேலிக்கு வரவில்லை. வேறு வேலையாக இருக்கும்.

நவம்பர் 13, வெள்ளி

சோறு குழைந்துவிட்டது. புத்தளத்திலிருந்து ராத்தா போன் எடுத்ததால்.

ஸலாம் சொல்லவில்லை. "ரிஸ்வானா, மனு குடுத்தது நீயா?"

"ஓம்."

"நிவாரணம் கிடைச்ச ஆக்கள்ல என்ட பேரும் இருக்கு."

அடுப்பை நிறுத்தவும் தோன்றவில்லை. எங்கள் வயலுக்குரிய நிவாரணம், காணி உரித்து அவர் பெயரில் இருப்பதால் அவர் வங்கிக்குப் போயிருக்கிறது. "நான் கேக்கல்ல, அவங்களா போட்டாங்க. எங்கட வீட்டில உன்ட மச்சானுக்கு மருந்து வாங்கவும் வழியில்லாத நேரம். உனக்குச் சொல்லத்தான் இருந்தன்." பிறகு அழுகை. "மனுவத் திருப்பி எடுத்திரு. காணியும் போயிட்டா எனக்கு ஊர் எண்டு என்ன இருக்கு?"

கோபப்படவும் முடியவில்லை. மச்சானுக்கு மருந்து. எங்களுக்கு அழுகின கத்தரி. இரண்டும் கண்ணுக்கு முன்னால்.

இவர் கேட்டுவிட்டு, "எடுத்திரு. சகோதரிமாருக்குள்ள பிரச்சினை வேணாம்."

நவம்பர் 16, திங்கள்

மனுவை எடுக்கத்தான் கந்தோருக்குப் போனேன். வாசலில் மெற்றில்டா. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் குத்தகைக்கு வயல் செய்கிறவர், முன்பின் பழக்கமில்லை. "நீங்கதானே கேட்டு எழுதினது? எங்களுக்கும் ஒண்டும் வரேல்ல, காணிக்காரருக்குத்தான் போயிருக்கு. இண்டைக்கு நானும் எழுதிக் குடுத்திட்டன்."

மனுவை எடுக்க உள்ளே போகவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. ராத்தாவுக்கும் போன் எடுக்கவில்லை.

நவம்பர் 18, புதன்

நல்ல மழை. பாடசாலை மண்டபத்தில் கூட்டம், எல்லாருக்கும் மாஸ்க், தள்ளித் தள்ளிக் கதிரை. எங்கள் மனுக்களுக்குப் பதிலாக, நிவாரணம் கிடைத்தவர்களின் பெயர்களை உத்தியோகத்தர் வாசித்தார். ராத்தாவின் பெயர் வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "அவ புத்தளத்திலதானே!" சிரிப்பு.

எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் தெரியாது. "ஓம், அங்கதான். போகச் சொல்லித்தானே போனது? காணி என்ட ராத்தாட. அதில கமம் செய்யிறது நான். ரெண்டும் உண்மை. ரெண்டையும் எழுதுங்கோ."

சிரிப்பு நின்றது. இனிமேல் நிவாரணம் வந்தால் செய்கிறவர் பெயரையும் பதிய வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். போனது போனதுதான். ஹமீது நானா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து ராத்தாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன், நடந்ததை அப்படியே. கேட்டு முடித்துவிட்டு ராத்தா கேட்டது இதுதான்:

"அறுப்பு எப்ப?"

"மாசியில."

"வாறன்."

இத்தனை வருசத்தில் ஒரு அறுப்புக்கும் வந்ததில்லை. என்னைப் பார்க்கவா, காணியைப் பார்க்கவா? கேட்க வாய் வரவில்லை. வாங்கோ என்றேன்.