மணலுக்கு இறக்கிய காற்று

சனிக்கிழமை, இரவு.

ஐஸ் உருகுவதற்குள் இறாலைப் பொன்னேரியில் சேர்க்க வேண்டும். ஏரிக்கரை மணலிலேயே கார் டயர் பஞ்சரானது. ஜாக்கியும் மணலில் புதைந்தது. படகுப் பலகையை அடியில் கொடுத்தேன், நின்றது. ஸ்டெப்னி மாட்டியதும், மணலில் புதையாமல் ஓடுவதற்காக நைனா வழக்கம்போல நாலு டயரிலும் காற்றை இறக்கினார். தார் ரோடு ஏறியதும், "காத்து அடிச்சிட்டுப் போலாம் நைனா," என்றேன்.

"ஐஸ் உருகுதுடி. நீ இன்னா மெக்கானிக்கா?"

"டயர் வெடிச்சா அத்தினி இறாலையும் நாமதான் துன்னணும்."

சிரித்துக்கொண்டே பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்து, "இதோட போயிருந்தா பாதி வழிதான்," என்றார். கார்க் கதவில் ஒட்டியிருந்த காற்று அளவை நான் படிக்க, அவர் அடித்தார்.

இறால் கெடாமல் போய்ச் சேர்ந்தது. வியாபாரியிடம் நைனா, "வீலு மாத்துனது எம்பொண்ணு," என்றார். நட்டு முறுக்கியது அவர்தான். நான் மறுக்கவில்லை.