ரூத்தின் வலது கை

மஸ்கட்

அன்புள்ள ரூத்துக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீயும் மகள் பிரின்சியும் அம்மாவும் சுகமா?

சிப்காட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து உன் முழங்கை முறிந்து நாலு மாதம் ஆகிறது. மாவுக்கட்டு பிரித்ததிலிருந்து, "எல்லாம் செரியாப் பூச்சு மாமா" என்றுதான் சொல்கிறாய். ஆனால் வீடியோ காலில் போனை இடது கையில்தான் பிடிக்கிறாய். பின்னல் போடாமல் தலைக்குக் கிளிப் மாட்டியிருக்கிறாய். வலது கையை நீட்டிக் காட்டு என்றால், அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிடுகிறாய். தினமும் அதே நேரத்துக்கா பால் பொங்குகிறது?

எலும்பு சேரவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். லீவு நீண்டால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே மாவுக்கட்டை வெட்டச் சொன்னாயா? திருவள்ளூருக்குப் போய் மறுபடியும் எக்ஸ்ரே எடு.

ஊருக்கு வரும் அன்புராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயும், நீ வலது கையால் எழுதிய நாலு வரியும் கொடுத்துவிடு. பிரின்சி எழுதித் தரக்கூடாது. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அன்புராஜுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதம் ஏன் அவன் கையெழுத்தில் இருக்கிறது என்று குழம்பாதே. போன வாரம் கிடங்கில் பெட்டி சரிந்து என் கையில் சின்ன அடி. ஒரு வாரமாக வீடியோவில் வராதது நெட் இல்லாததால்தான்.

எல்லாம் செரியாப் பூச்சு.

உன்
பாக்கியராஜ்