எண்பத்து நாலுக்குக் கீழே

பிப்ரவரி 20, 2012 — திங்கள்

இன்று காலை ஏழு பத்துக்கு, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், என் காபிக்கான சர்க்கரை ஒன்றரை ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூனாகக் குறைக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான். மத்திய, மாநில அரசுகள் இதுவரை கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

காரணம் என் தங்கை ஆரோக்கியமேரி. தூத்துக்குடியில் கணக்கு டீச்சராக இருந்தவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் இங்கே எங்களோடு இருக்கிறாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீர் பிரிவது அடியோடு நின்று ஒரு வருடமாகிறது. என்னுடையது அவளுக்குப் பொருந்தும் என்று எல்லாப் பரிசோதனைகளும் சொல்லிவிட்டன. டாக்டர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கிட்னி நல்லாத்தான் இருக்கு. அதைச் சுத்தி இருக்கிறதுதான் அதிகம்.” என் உயரத்துக்கு எண்பத்து நாலு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பாராம். இப்போது தொண்ணூற்றொன்று. ஜூன் இரண்டாம் வாரத்தில் எங்களுக்காக ஒரு தேதி ஒதுக்கியிருக்கிறார்.

நாற்பத்தேழு வருடமாகச் சிரத்தையோடு சேர்த்தது. அதில் ஏழு கிலோதான் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 22 — திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு போய் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சாருலதா முன்னால் உட்கார்ந்தேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பமாம். மேஜை டிராயரைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் இட்லிகளையும் ஒரு சின்னக் கிண்ணத்தையும் எடுத்து வைத்தார்.

“காலைல ரெண்டு இட்லி. ஒரு கட்டோரி சாம்பார். அவ்வளவுதான்.”

“இதே சைஸா?”

“ஹவ் சார்.” இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான்.

“எங்க வீட்டு இட்லி ஒண்ணுல இது ரெண்டரை வருமே.”

அவர் கண்ணை மூடி வகுத்தார். “அப்ப உங்க வீட்டு இட்லி முக்கால் சாப்பிடுங்க.”

முக்கால் இட்லி என்ற பண்டத்தை எந்த நாகரிகமும் இதுவரை தட்டில் வைத்ததாக நான் படித்ததில்லை. நாளை முதல் நாங்கள் வைக்கிறோம்.

பிப்ரவரி 24

மாதாப்பூர் ஆபீசில் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். என் கையேட்டைப் படித்ததாக இதுவரை யாரும் பிடிபட்டதில்லை. அடுத்த இருக்கை ஃபெலிக்ஸுக்கு என் விஷயம் தெரிந்ததும் மதியத்துக்குள் ஒரு எக்ஸெல் ஷீட் வந்துவிட்டது. தின்றதைப் போட்டால் கலோரி வரும். கலோரி வந்தால் என்றைக்கு எண்பத்து நாலு என்று வரும். கலோரிகளை ஓர் அமெரிக்க இணையதளத்திலிருந்து எடுத்திருக்கிறான். அதில் நாற்பது வகை சூப் இருக்கிறது. புளிக்குழம்பு இல்லை.

“தக்காளி சூப்னு போட்டுக்கலாம் சார். தோசைக்குப் பான்கேக்.”

ஆக, பதிவுகளின்படி நான் இன்று காலை ஓஹையோ மாநிலத்தில் சாப்பிட்டிருக்கிறேன்.

எதிர் இருக்கை நஸ்ரின் வாணியம்பாடிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதெல்லாம் நக்கோ சார், வேணாம். எனக்கு வளையல்தான். சோப்பு போடாம கழண்டா சரி. சோப்பு கேட்டுச்சுன்னா அன்னைக்கு ராத்திரி சோறு கிடையாது.”

“அதுல துல்லியம் இருக்காதுக்கா,” என்றான் ஃபெலிக்ஸ்.

“உன் ஷீட்டப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியுமாப்பா?”

மார்ச் 1

என் மனைவி லலிதா தனியாக ஒரு முறை வைத்திருக்கிறாள். இரவுச் சாப்பாடு அவள் பொறுப்பு. எங்கள் மகள் செலின் சின்ன வயதில் சாப்பிட்ட தட்டைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். அடியில் ஒரு முயல் படம். சோறு போட்ட பிறகும் முயலின் காது தெரிய வேண்டும். அதுதான் அளவு. இரண்டாம் முறை கேட்டால் கரண்டியைத் திருப்பி வைத்துவிடுகிறாள். பேச்சு இல்லை. இந்த ஆபரேஷன் விஷயம் முடிவானதிலிருந்தே அவளிடம் பேச்சு குறைவு.

காலைத் தோசையும் மதிய டிபன் பாக்ஸும் மேரி. லலிதா ஏழரைக்கே பஸ் பிடிப்பவள். “நீ சும்மா இரு” என்று மேரியிடம் சொல்லிப் பார்த்தேன். “டயாலிசிஸ் இல்லாத நேரத்துல நான் என்ன, சுவத்தையா பாத்துட்டிருக்கணும்?” என்றாள்.

மார்ச் 4 — ஞாயிறு

தவக்காலம் நாற்பது நாள். காலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு வரும். ஞாயிறுகள் கணக்கில் சேராது என்பது காரணம். திருச்சபையே ஒப்புக்கொண்ட இந்தக் கணிதத்தைப் பட்டினிக்கும் நீட்டிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கருத்துக்காக மேரியைக் கேட்டேன்.

“பின்ன? ஞாயித்துக்கிழம ஆண்டவர் உயிர்த்த நாளுல்லா. அன்னைக்கு வயித்தக் காயப்போட்டா அவருக்கே பிடிக்காதுண்ணே.”

ஆட்டுக்கறி அவளே வைத்தாள். முயல் தட்டுக்கும் இன்று விடுமுறை. மூன்றாம் முறை வாங்கும்போது செலின் எழுந்து, மேஜையில் கிடந்த ஃபெலிக்ஸ் ஷீட்டின் பிரின்ட்டை என் முன்னால் நீட்டினாள். “டாடீ, இதி கூடா ராசுகோ.” இதையும் எழுதிக்கொள் என்று அர்த்தம்.

“ஏட்டி, தெலுங்குல காட்டிக்குடுக்காத,” என்றாள் அத்தைக்காரி.

மார்ச் 5

தோசை இரண்டு. (பான்கேக்.)

மார்ச் 19

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஷீட்டின்படி நான் எண்பத்தேழரை. எந்திரத்தின்படி தொண்ணூறு. எந்திரத்தில் கோளாறு இருக்கலாம் என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் தானே ஏறி நின்று காட்டினார். அவருக்குச் சரியாக இருந்தது.

மார்ச் 20

ஃபெலிக்ஸ் அரை மணி நேரம் ஷீட்டையே பார்த்தான். பிறகு, ஒரு மரணச் செய்தியைச் சொல்பவனைப் போல, “சார், உங்க வாரத்துக்கு ஆறு நாள்தான் இருக்கு,” என்றான்.

தவக்காலக் கணிதத்தை விளக்கினேன். அவனும் கத்தோலிக்கன்தான், மறுக்க முடியவில்லை. ஆனால் ஞாயிறு ஆட்டுக்கறி எலும்புக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது என்பதையும் அவனால் மறுக்க முடியவில்லை. ஏழாவது கட்டம் போட்டுவிட்டான். மேரிதான் ஒப்புக்கொள்ளவில்லை. “எக்ஸெல்லு என்ன போப்பாண்டவரா?” என்றாள்.

மார்ச் 29

தோசை நெகிழ்ந்து வருகிறது. கீரை மசியல் வாயில் வைத்ததும் கரைகிறது. ஏழைகளின் உணவு ருசிக்கும் என்று சாப்பிட்டு முடித்தவர்கள் எழுதிவைத்ததை இத்தனை நாள் நான் நம்பியதில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 8 — உயிர்ப்பு ஞாயிறு

அவர் எழுந்தார். நான் ஒரு துண்டு கேக்கோடு எழுந்துவிட்டேன். கட்டத்தில் எழுதியாயிற்று.

ஏப்ரல் 16

எண்பத்தொன்பதரை.

ஏழு கட்டமும் நிரப்பியிருக்கிறேன். நேர்மையாக. ஃபெலிக்ஸ் முதலில் இணையதளத்தைச் சந்தேகப்பட்டான். பிறகு தயங்கித் தயங்கி, “சார், தூக்கத்துல எழுந்து ஏதாவது…” என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஜூன் மாதத்தில் எடை வரவில்லையென்றால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போகும். அடுத்தது அக்டோபர். மேரியின் கையில் ஊசி குத்த இடம் குறைந்துகொண்டே வருகிறது என்றார். அக்டோபர் வரை தாங்குமா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

என்னதான் தப்பு? முக்கால் இட்லி, முயல் காது, எல்லாம் சரியாத்தானே போகுது? தின்னாம இருக்கிறதக்கூடவா ஒருத்தனுக்கு ஒழுங்கா செய்யத் தெரியாது?

ஏப்ரல் 19

லலிதா இன்று பேசினாள். அடுக்களையில் எண்ணெய் டின்னை ஆட்டிக்கொண்டே.

“என்னங்க, இங்க வாங்க. இந்த டின்னு எத்தன நாளைக்கு வரும்?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“மாசம் பூரா வரும். பதினாறு வருசமா வருது. நீங்க பட்டினி கிடக்க ஆரம்பிச்சதுலேருந்து பதினெட்டாந்தேதிக்கே காலியாவுது. நெய் பாட்டிலும் அப்படித்தான். பரண்ல பின்பக்கம் தேங்காச் சிரட்டை அடுக்கி வச்சிருக்கு.”

நானும் ஷீட்டில் எவ்வளவோ கட்டங்கள் போட்டிருக்கிறேன். எண்ணெய்க்கு ஒன்று போடவில்லை. அமெரிக்கத் தளத்தில் ‘கீரை, வேகவைத்தது’ என்றால் கீரை, வேகவைத்தது.

லலிதா எண்ணெய் ஊற்றுகிறவள் அல்ல. செலினுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சந்தேகம். மிச்சம் ஒருத்திதான்.

ஏப்ரல் 21 — சனி

டயாலிசிஸ் முடிந்து மேரி வந்து படுத்திருந்தாள். டின்னை அவள் கட்டிலருகே வைத்தேன். பார்த்தாள். மறுக்கவில்லை.

“ஃபெலிக்ஸு தம்பி கழிச்சத நான் கூட்டுனேன்,” என்றாள். “அந்த ஷீட்ட நீ மேசையிலதானே விட்டுட்டுப் போற. ஒரு நாளைக்கு எவ்வளவு கொறையுதுன்னு பாத்து, அதே அளவுக்குத் தேங்காப்பாலு, நெய்யி. கஞ்சியில, கீரையில. கணக்கு டீச்சருல்லா.”

“எதுக்குட்டி?”

“ஒனக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. ஒன் வயித்தக் கிழிச்சு எடுத்து நான் வச்சுக்கிட்டு, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா? வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட. குண்டா இருந்தா டாக்டரே வேண்டாம்னுருவாருல்லா.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மதினி ஒரு வார்த்த சரின்னு சொல்லலண்ணே. அவங்க வாயத் தெறக்காம நான் எப்படி வாங்குவேன்?”

நானும் லலிதாவைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பரிசோதனைக்கும் போனேன். அந்த ஒரு இடத்துக்குப் போகவில்லை.

லலிதா வாசலில்தான் நின்றிருந்தாள். கையில் கரண்டி.

“ரெண்டு மாசமா இவரு தட்டுல முயல் காது தெரியத் தெரியச் சோறு போடுதேனே, பொழுதுபோகாமயா போடுதேன்? கட்டின புருசன் இன்னும் கொஞ்சம்னு கேக்கும்போது கரண்டியத் திருப்பி வைக்கது எனக்கென்ன லேசா இருக்குன்னு நெனச்சியா? வாயால வேற சொல்லணுமோ?”

மேரி போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

“பயமா இருக்கு, மேரி. இல்லங்கல. பயந்துகிட்டேதான் அளக்கேன். நீ பாட்டுக்கு அதுல நெய்ய ஊத்தினா நான் அளந்ததுக்கு என்ன மரியாத?”

போர்வைக்குள்ளிருந்து, “தப்புதான் மதினி,” என்று வந்தது.

எனக்கு அங்கே வேலை இல்லை. டின்னைத் திருப்பி அடுக்களையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 22 — ஞாயிறு

காலைத் தோசை. அதே மேரி, அதே கல். வறட்டியைப் போல இருந்தது. எழுந்து நின்று கைதட்டலாமா என்று யோசித்தேன்.

மே 2

நிர்வாகம் கைமாறிவிட்டது. மேரி ஃபெலிக்ஸுக்கு நேரடியாகப் போன் செய்கிறாள். “தம்பி, ஒங்க ஷீட்ல தேங்காயே கெடையாது. எங்க ஊர்ல தேங்கா இல்லாம யாரு திங்கா?” இப்போது தேங்காய்க்கு ஒரு கட்டம், எண்ணெய்க்கு ஒரு கட்டம். புளிக்குழம்பு சூப் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டு சொந்தப் பெயரில் இயங்குகிறது. ஓஹையோவிலிருந்து நான் திரும்பிவிட்டேன்.

மே 14

எண்பத்தாறு. ஃபெலிக்ஸ் ஆபீசுக்கே லட்டு வாங்கி வந்தான். எனக்குப் பெட்டியை மட்டும் காட்டினான்.

மே 23

லலிதாவும் மேரியும் இப்போது சேர்ந்து அளக்கிறார்கள். ஒருத்தி போடுகிறாள், ஒருத்தி போதும் என்கிறாள். நான் நடுவில் தட்டு. மாலையில் மூவரும் காலனிப் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். மேரி பாதியில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எங்கள் சுற்றுகளை எண்ணுகிறாள். ஒன்று குறைத்துத்தான் எண்ணுகிறாள். கேட்டால் கணக்கு டீச்சர். நல்ல நாட்கள் இவை. வயிறு காலியாக இருக்கும்போது இப்படி எழுத நேர்ந்ததில் எனக்கே கொஞ்சம் அவமானம்.

ஜூன் 4

நஸ்ரின் தன் கண்ணாடி வளையல் ஒன்றை என் கையில் மாட்டிப் பார்த்தார். முட்டியிலேயே நின்றுவிட்டது. “முறை தப்பில்ல சார், கைதான் தப்பு,” என்றார்.

ஜூன் 11 — திங்கள்

எண்பத்து மூன்று புள்ளி ஏழு. டாக்டர் எந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமை காலை.

ஜூன் 13

லலிதா முயல் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இன்று இரவு கஞ்சி மட்டும்தானாம். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். “எனக்கு இருக்கு,” என்றாள். சரி, எனக்கும் இருக்கிறது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 16 — சனி

சாய்ந்து எழுத முடிகிறது. இடது விலாவுக்குக் கீழே வலி, சிரித்தால் அதிகம். யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், முக்கியமாக ஃபெலிக்ஸை.

இங்கே நோயாளிக்குள் போவதையும் வெளியே வருவதையும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நர்ஸ் எழுதுகிறார். என்னுடையதில் நேற்று: பார்லித் தண்ணீர் அரை டம்ளர், கஞ்சி நாலு ஸ்பூன்.

மேரி மேல் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கிறாள். லலிதா வெளியே நின்று நர்ஸிடம் அவள் அட்டையைக் காட்டச் சொல்லி, எனக்காகக் கையில் எழுதிக்கொண்டு வந்தாள். நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை. உள்ளே போனது, நாலு லிட்டர் முந்நூறு. சிறுநீர், மூன்று லிட்டர் எண்ணூறு.