அரை இஞ்சில் நின்ற ட்ரெட்மில்

அக்டோபர் 7, செவ்வாய்

காலை ஐந்தேமுக்காலுக்கு வேலம்பாளையம் ரோட்டில் ஓடினேன். ஓடினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முதலில் ஒரு பெரியவர். அடுத்து ஸ்கூட்டியில் ஒரு டீச்சர். கடைசியாகப் பால்காரர். இரண்டு பக்கமும் கேன் தொங்க, என் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, ஏதாச்சும் அவசரமுங்களா? ஏறிக்கங்க, உட்டுட்டுப் போறனுங்க."

சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். "சும்மா எதுக்குங்க ஓடறீங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பனியன் வேஸ்ட் குடோன் நாய்கள் நான்கு வந்துவிட்டன. அவர் வண்டியிலேயே ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

வயது நாற்பத்திரண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து இந்தப் பனியன் ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். என் மேஜையைத் தாண்டி ஓட்டை விழுந்த பனியன் ஒன்றுகூட கப்பல் ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவள் பால்கேனோடு பால்கேனாக வந்து இறங்கினேன்.

அக்டோபர் 8, புதன்

எதற்கு ஓடுகிறேன் என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஜனவரி கடைசியில் டவுனில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் கம்பெனி சார்பில் பத்துப் பேர் ஓடலாம் என்று போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். போய் என் பெயரை எழுதினேன். ஹெச்.ஆர். தரணீதரன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"அக்கா, இது பத்துக் கிலோமீட்டருங்க அக்கா. நீங்க தண்ணி குடுக்கற டேபிள்ல நில்லுங்க. அதுக்கும் டி-ஷர்ட் உண்டுங்க."

ஆபீஸே சிரித்தது. அந்த டி-ஷர்ட்டைச் செக் பண்ணி அனுப்புவதே நான்தானே! தினம் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற கால் இது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஓடலாம், நான் தண்ணி ஊற்றணுமாக்கும்?

டீமில் சேர என்ன செய்யணும் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். டிசம்பர் 14 காலேஜ் கிரவுண்டில் டிரையல். ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்துக்குள் முடிப்பவர்கள்தான் டீமில். "நாப்பது நிமிஷம்தான?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வாய் எப்போதுமே காலைவிட வேகம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றும் ஓடப் போனேன். இன்றும் லிஃப்ட். ஒருவர், ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றார்.

ரோடு சரிப்படாது. வீட்டுக்குள்ளேயே ஓடுகிற மிஷின் வாங்கிவிட வேண்டியதுதான். போனஸ் வரட்டும். இவரிடம் சொன்னேன். இவர் ராமர், என் வீட்டுக்காரர், பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சுருக்கமாகப் பேசுகிறவர்.

"எங்க வைப்ப?"

மடக்கி வைக்கிற ட்ரெட்மில் இருக்கிறதாம். நின்றபடிக்கே மடங்கிவிடுமாம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். இருபத்தெட்டு இஞ்சு. கச்சிதம்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தோம். இன்று முழுக்க அவிநாசி ரோட்டுக் கடையில். இன்றைக்கு நான் எப்படிக் கலக்கினேன் என்று எழுதியே ஆக வேண்டும்.

கடைக்காரத் தம்பி முதலில் ஒரு தட்டையான மிஷினைக் காட்டினார். கைப்பிடி கிடையாது, கட்டிலுக்கு அடியிலேயே போய்விடும். அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டேன். ஆறு. மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஓடினால் ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். அது நடக்கிறவர்களுக்கான மிஷின். நகருங்கள் என்றேன்.

இரண்டாவதில் மூன்று குதிரைத்திறன் மோட்டார் என்று எழுதியிருந்தது. எழுத்தை நம்புகிறவளா நான்? "தொடர்ந்து அரை மணி நேரம் ஓடுனாலும் மூணேதானா, இல்ல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் மூணா?" தம்பி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தொடர்ந்துன்னா ஒண்ணரைங்க மேடம்" என்றார். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமும் நிறையப் பெருமையும் இருந்தது.

ஹேண்ட்பேக்கில் எப்போதும் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். பீஸில் எங்கே கோளாறோ அங்கே ஒட்டுகிற சின்ன சிவப்பு அம்பு. கை தானாகப் போய்விட்டது. பெல்ட் ஓரம் பிசிறு, ஒரு அம்பு. கைப்பிடி ஆடுகிறது, ஒரு அம்பு. வெல்டிங்கில் முடிச்சு, ஒரு அம்பு.

"மேடம், இது டிஸ்ப்ளே பீஸுங்க…"

"டிஸ்ப்ளே பீஸே இப்படின்னா பல்க்கா வர்ற சரக்கு எப்படி இருக்கும் தம்பி?"

ஏழு அம்பு ஒட்டியதும் மேனேஜரே வந்துவிட்டார். டீ வந்தது. மூன்றாவது மிஷின்தான் சரி. பெல்ட் பதினெட்டு இஞ்சு அகலம், பன்னிரண்டு வரை வேகம், மடக்கும்போது டப்பென்று விழாமல் தானாக மெல்ல இறங்குகிறது. ஏறி இரண்டு நிமிஷம் ஓடிப் பார்த்தேன். கடையில் சைக்கிள் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு அம்புகூட ஒட்டவில்லை.

அகலம் இருபத்தெட்டரை இஞ்சு. இவர், "சந்து இருபத்தெட்டுன்னு சொன்ன?" என்று கேட்டார். "அரை இஞ்சுதான, டாலரன்ஸ்ல வந்துரும்" என்றேன். அளவில் கொஞ்சம் கூடக் குறைய விடுகிற சலுகைக்குச் செக்கிங்கில் அதுதான் பேர்.

அக்டோபர் 29, புதன்

மிஷின் வந்தது. டாலரன்ஸில் வரவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்து, மடக்கி, சந்தில் நுழைத்தார்கள். நுழையவில்லை. சாய்த்தார்கள், திருப்பினார்கள். பீரோவை அரை இஞ்சு நகர்த்தினால் சமையலறைக் கதவு திறக்காது. எதிர்ப்பக்கச் சுவரில் கட்டில். வேறு இடம் கிடையாது. இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள்கள் போனதும் சொன்னார்.

"பனியன்னா அரை இஞ்சு கூடக் கொறைய இருக்கலாம். போட்டா இழுத்துக் குடுக்கும். இரும்பு எங்க புள்ள இழுத்துக் குடுக்கும்?"

பதினெட்டு வருஷம். மார்பளவு அரை இஞ்சு கூடினாலும் பாஸ், குறைந்தாலும் பாஸ் என்றே பார்த்துப் பழகிய கண். சுவரும் நமக்காக விரியும் என்று நினைத்துவிட்டேன். என்னத்தச் சொல்ல! கடைக்காரனுக்கு ஏழு அம்பு ஒட்டினேனே, எனக்கு யார் ஒட்டுவது?

இவர் ஒட்டினார். என் பேக்கிலிருந்தே எடுத்து என் தோளில் ஒரு அம்பு. "மேஜர்" என்றார். பீஸையே ஒதுக்கிவிடுகிற பெரிய கோளாறுக்குச் செக்கிங்கில் அந்தப் பேர். நேற்று முழுக்கக் கோபமாகவே இருந்தேன். இன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

மிஷினைத் திருப்பித் தரமாட்டேன். மடக்கவும் முடியாது. ஹாலின் நடுவில் விரித்தபடி கிடக்கிறது. சாப்பாடு அந்தப் பக்கம், டிவி இந்தப் பக்கம்.

நவம்பர் 3, திங்கள்

வீட்டில் முதல் ஓட்டம். ஆறு நிமிஷம். நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் நாயும் இல்லை, யாரும் ஏறச் சொல்லவும் இல்லை.

நவம்பர் 5, புதன்

காலையில் வீட்டுக்கார அம்மா ஜானகியம்மாள் கீழிருந்து ஏறி வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சு.

"சித்ரா கண்ணு, மேல ஆட்டாங்கல்ல உருட்டற மாதர இருக்குது. தலைக்கு மேல ஊடு எறங்கிருமாட்ட இருக்குதே!"

மிஷினைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எத்தன ஓடுனாலும் இங்கயேதான் நிக்கோணுமா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "என்ன கெரகமோ" என்றார். சத்தம் அடங்கினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடு கண்ணு என்று தன்மையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் தன்மையாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

எடுத்துவிட்டால் டிரையலும் போச்சு. தண்ணீர் மேஜைதான்.

நவம்பர் 6, வியாழன்

இவர் சாயங்காலம் இரண்டு மூட்டை தலையில் சுமந்து வந்தார். கட்டிங் வேஸ்ட், கனமான ஸ்வெட்டர் துணி. மிஷினை ஒரு பக்கம் தூக்கி, கட்டிங் மேஜையில் துணி விரிக்கிற மாதிரியே நீவி நீவி விரித்தார். ஒரு சுருக்கம் இல்லை. இருபத்திரண்டு அடுக்கு. அதன்மேல் மிஷினை இறக்கினார்.

நான் ஓட, அவர் கீழே போய் ஜானகியம்மாளோடு உட்கார்ந்து, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். திரும்பி வந்து, "டிவி பாக்குறாக. மேல ஓடுறது தெரியல" என்றார்.

இந்த மனுஷனைக் கட்டியதற்கு எனக்கு எவ்வளவு பெருமை என்று இதுவரை சொன்னதில்லை. இங்கேயும் ஒரு தடவைதான் எழுதுவேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டரைக் கிலோமீட்டர். நிற்காமல்.

நவம்பர் 25, செவ்வாய்

ஷிப்மென்ட். மூன்று நாளாக ஓடவில்லை. தரணீதரன் தாண்டிப் போகும்போது, "அக்கா, டேபிள் ரெடிங்களா?" என்றார். பையன் கெட்டவன் இல்லை. ஆனாலும் அவர் சட்டையில் ஒரு அம்பு ஒட்டியிருப்பேன், கை நிறைய வேலை இருந்ததால் தப்பித்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஐந்து கிலோமீட்டர். நாற்பத்தொரு நிமிஷம், பத்து வினாடி.

ஒரு நிமிஷம் பத்து வினாடி அதிகம். இதுக்கெல்லாம் டாலரன்ஸ் கிடையாது, இப்ப எனக்குத் தெரியும். இன்னும் ஏழு நாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலேஜ் கிரவுண்ட். பதினான்கு பேர், பெண்கள் மூன்று. நான்தான் எல்லாருக்கும் மூத்தவள். பன்னிரண்டரைச் சுற்று.

மிஷினில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். என் வேகம் எனக்குத் தெரியும். இங்கே மண்ணும் ஆகாசமும்தான். முதல் சுற்றில் எல்லாரோடும் சேர்ந்து பாய்ந்துவிட்டு, இரண்டாவதில் மூச்சு முட்டிவிட்டது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கால் துவள்கிறது. எங்கள் ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் என்னைத் தாண்டிப் போகிறாள்.

அப்போதுதான், நானாக யோசிக்கவில்லை, வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. கழுத்து. தோள். கை. சைடு. பாட்டம். திருப்பு. கழுத்து. தோள். கை. சைடு. பாட்டம். திருப்பு. செக்கிங்கில் பீஸைப் பார்க்கிற வரிசை அது. பதினெட்டு வருஷமாக ஒரு நாள்கூட அதன் தாளம் தப்பியதில்லை. காலும் அதற்கே விழுந்தது. அதற்குப் பிறகு நான் யாரையும் பார்க்கவில்லை, பீஸ் பீஸாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பதாவது சுற்றில் அந்தப் பெண்ணைத் தாண்டினேன். பாவம், விலாவில் கை வைத்துக்கொண்டு நடந்தாள்.

முப்பத்தெட்டு நிமிஷம், இருபது வினாடி. பதினான்கில் ஆறாவது.

தரணீதரன் வாட்சை இரண்டு தடவை பார்த்தார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா" என்றார். நினைக்கவில்லை என்றேன். பொய். இரண்டு மாதமாக அதை நினைத்துத்தான் ஓடினேன்.

அங்கேயே டீம் டி-ஷர்ட் கொடுத்தார்கள், அவசரத்தில் என் மேஜைக்கு வராமலே பேக் ஆனவை. மற்றவர்கள் உடனே மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டியில் ஒரு தையல் விட்டிருந்தது. அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். "வேற குடுங்க தம்பி. இது ஓடப் போறது."

ஜனவரி 25, ஞாயிறு

பத்து கிலோமீட்டர். ஒரு மணி பதினெட்டு நிமிஷம்.

ஏழாவது கிலோமீட்டர் தண்ணீர் மேஜையில் இவர் நின்றிருந்தார். சொல்லவே இல்லை. கேட்டு வாங்கி நின்றிருக்கிறார். கப்பை நீட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "எம் பொண்டாட்டி" என்றார். அத்தனை சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அழுதுகொண்டே மூன்று கிலோமீட்டர் ஓடினேன், வேர்வையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 12, வியாழன்

ஒரு வாரமாகக் காலையில் ட்ரெட்மில் காலியில்லை.

டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஜானகியம்மாள் ஐந்தரைக்கெல்லாம் மேலே வந்துவிடுகிறார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேகம் இரண்டில். "இத மடக்கிக் கிடக்கி வச்சுப்போடாத கண்ணு, அப்புறம் எனக்குத் தெரியாது பிரிக்க" என்கிறார். பீரோ சந்தில் இப்போது இவர் துடைப்பத்தை வைத்திருக்கிறார்.

அதனால் இன்று ரோட்டில் ஓடினேன். குடோன் பக்கம் போகும்போது பின்னால் பால் வண்டிச் சத்தம். அவரேதான். பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, இன்னிக்கும் அவசரமுங்களா? ஏறிக்கறீங்களா?"

"இல்லீங்க. பத்துக் கிலோமீட்டர் ஓடுறேன்."

"பத்துங்களா!"

கொஞ்ச தூரம் கூடவே வந்தார். முன்னால் நாய்கள் எழுந்து நின்றதை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.

"அப்ப நீங்க வாங்க. நானு முன்னால போயி அதுகள ஓட்டி உடறனுங்க."

ஹாரனை அடித்துக்கொண்டே போனார். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.