உன் அறையில் பதிவு செய்தோம்

அன்பு மகனுக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் "சரிப்பா, வைக்கிறேன்" என்பாய். அதனால்தான் கடிதம். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புதான்.

உன் தங்கை இசைக் கல்லூரியில் சேர, வயலின் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு இல்லாமல். ஸ்டுடியோ நமக்குக் கட்டுப்படியாகாது. கூடத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டில் என் கைபேசியைக் கட்டினோம். தெருச் சத்தம் நுழையாமலிருக்க, வீட்டிலிருந்த போர்வை, மெத்தை அத்தனையையும் சுவரில் தொங்கவிட்டோம். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வாசிப்பாள். கேட்டுப் பார்ப்பாள். "யாரோ தலையணைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குப்பா" என்று வில்லை இறக்கிவிடுவாள். கடைசி நாள் காலையில், அனுப்பவே போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

மனசு கேட்காமல் அவளுடைய வயலின் டீச்சருக்கு சுவரெல்லாம் போர்வை மாட்டியதைச் சொல்லி, ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். "ஏன் சார், வாயைப் பொத்திட்டு பாடுன்னா அது எப்படிப் பாடும்?" என்று சிரித்தார். அப்போதுதான் உறைத்தது. விடுமுறை நாளில் வகுப்பறையில் பேசினால் குரல் கணீரென்று திரும்பி வரும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அதே குரல் அமுங்கிப்போகும். ஆயுசெல்லாம் அந்த அறைகளில் கத்தியவன், வீட்டில் மெத்தையைத் தொங்கவிட்டிருக்கிறேன் பார்!

நம் வீட்டில் காலி அறை ஒன்றுதான். அம்மாவோடு சண்டை போட்டு, கட்டில் அலமாரி எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு நீ போன அன்று அவள் பூட்டியது. சாவியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் தங்கைதான் கேட்டாள். "அங்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா. "ஒண்ணும் இல்லம்மா, அதான் வேணும்" என்றாள் இவள். அம்மா எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்தாள். பிறகு தானே திறந்து, தரையைத் துடைத்துக் கொடுத்தாள்.

முனகல் கேட்காமலிருக்க ஃபிரிட்ஜை அணைத்தோம். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. மெதுவான பகுதியில் ஒவ்வொரு சுரமும் சுவரைத் தொட்டுத் திரும்பியது. அன்று மாலையே அனுப்பினோம்.

நேற்று பதில் வந்தது. அடுத்த சுற்றில் நேரில் வந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி இருப்பது உன் ஊரில். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறாள். "அண்ணனுக்கு வேலை இருக்கும், சொல்லாதீங்க" என்கிறாள். இத்தனை தூரம் தனியாக வந்ததில்லை. வாசிப்பதற்கு முன் கை சில்லிட்டுப்போகும் அவளுக்கு, உனக்குத் தெரியும்.

 அம்மா பயணத்துக்கு இரண்டு டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். ஒருத்தி போவதற்கு எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. ஸ்டேஷனுக்கு மட்டும் போய்விடு.

அண்ணனும் தங்கையும் நன்றாக இருங்கள், கண்ணா.

அப்பா